கல்லுக்கிடங்கும் எங்கள் சுவரும்: ஒரு சட்டத்தரணி கந்தோரைப் பற்றி

ஐந்துக்கு மூன்றரை. கந்தோரின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், எதிராளியிடமிருந்து தவணைக் காசு இன்னும் வந்துகொண்டிருக்கிறது, ஊரும் சின்னது. பக்கத்து வளவில் பெக்கோ (மண் தோண்டுகிற இயந்திரம்) சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிற ஆளுக்குப் பெயரைவிட என்ன நடந்தது என்பதுதான் உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், தெல்லிப்பழைப் பக்கம். 1990இல் விட்டுவிட்டு ஓடின வளவு. இராணுவம் பிடித்திருந்த காணி விடுபட்டபின் திரும்பி வந்து, இங்கிலாந்தில் இருக்கிற அண்ணாவின் காசும் எங்கள் வங்கிக் கடனும் சேர்த்து 2018இல் கட்டி முடித்தோம். மேற்கு வேலிக்கு அப்பால் ஆறு பரப்புக் காணி, சொந்தக்காரர் கனடாவில், அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம், அவருடைய மாமியாரிடம். 2021 தொடக்கத்தில் அங்கே டிப்பர் வரத் தொடங்கியது. காணியை மட்டப்படுத்தி வாழை வைக்கப் போகிறோம் என்றார்கள். சரி, வாழை என்றால் நல்லதுதானே. முதலில் செம்பாட்டு மண் ஏறிப் போனது, அப்புறம் அடியில் இருந்த சுண்ணாம்புக்கல் ஏறிப் போனது, பிரேக்கர் பூட்டிய பெக்கோ விடிய ஆறரைக்கே தொடங்கிவிடும், வருட நடுப்பகுதியில் பார்த்தால் எங்கள் கதியால் வேலியிலிருந்து நான்கு அடி தள்ளி இருபது அடிக் கிடங்கு. இருபது அடி ஆழத்தில் வாழை வைக்கிற ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த வருடம் நவம்பர் மழையில்தான் முதல் வெடிப்பு. மேற்கு அறை யன்னலின் கீழ் மூலையிலிருந்து சரிவாக இறங்கி, சீமெந்துக் கல்லின் பொருத்துகளோடு படிப்படியாகப் போனது. தை மாதம் அந்த அறைக் கதவு இறுகியது. விறாந்தையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது தானாக மேற்குப் பக்கம் உருண்டது, மகன் இதை விளையாட்டாகக் காட்டினான், என் வீட்டுக்காரர், இவர், அன்றிரவு சாப்பிடவில்லை.

2022இல் நாட்டில் டீசல் இல்லை, பெக்கோவும் இல்லை. முடிந்தது என்று நினைத்தோம். அந்த நினைப்புத்தான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. 2023 தொடக்கத்தில் திரும்பவும் வந்தார்கள், முறைப்பாடு கொடுத்த கிழமை பெக்கோ மறையும், அடுத்த கிழமை வேறு நிற பெக்கோ வரும். மே மாதத்தில்தான் நான் இந்தக் கந்தோர்ப் படியேறினேன்.

அதற்கு முன் எங்கெல்லாம் போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதானையாரிடம் போனோம், பிரதேச சபைக்குக் கடிதம் எழுதினோம், மத்தியஸ்த சபைக்கும் போனோம். அது ஒரு பள்ளிக்கூடத்தில் வார இறுதியில் கூடும், சட்டத்தரணி வைத்துப் பேச முடியாது, செலவும் அநேகமாக இல்லை. வேலிச் சண்டை, கடன் சண்டைக்கு அருமையான இடம். எங்கள் விஷயத்தில், அந்தக் காணியை ஒப்பந்தத்துக்கு எடுத்துத் தோண்டிய கல்லுக்காரர் இரண்டு தவணை வரவில்லை, மூன்றாவது தவணை வந்து "அது வீட்டின்ர அத்திவாரப் பிழை, மேசனைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படித் தீராமல் போனால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எறிந்துவிடாதீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வழக்குப் பேசவும் செய்யும், ஆலோசனை கேட்கிறதென்றாலும் அங்கே போகலாம். நானும் இவரும் சம்பளக்காரர், அதனால் காசு கட்டித்தான் ஆள் பிடித்தோம்.

முதல் நாள் கந்தோரின் சட்டத்தரணி மேடம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி "வெடிப்பு முதல் எப்ப கண்டது?" நான் கிடங்கைப் பற்றியும் டிப்பரைப் பற்றியும் கனடாக்காரரைப் பற்றியும் பத்து நிமிடம் கொட்டிவிட்டேன், அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். 2021 நவம்பர் என்றேன். விரல் விட்டு எண்ணினார். "ரீச்சர், உங்களுக்கு இன்னும் ஆறு மாதம்கூட முழுசா இல்லை."

எனக்குத் தெரியாத விஷயம் இது. இழப்பு, சேதத்துக்கு நட்டஈடு கேட்கிற வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் அப்படி. ஒன்றரை நூற்றாண்டு பழைய சட்டம், இன்றைக்கும் ஆளை வெட்டும். டீசல் இல்லாத வருடத்தில் நாங்கள் நிம்மதியாக இருந்தோமே, அந்த மாதங்களும் சேர்ந்துதான் ஓடியிருக்கின்றன. வேறு ஒன்றுக்கும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு கேள்விக்காகவே கட்டிய காசு சரி என்பேன்.

அடுத்தது சட்டம் என்ன சொல்கிறது என்பது. என் மாமனார், ஐயா, தேசவழமையில் வழி இருக்கும் என்று பிடிவாதமாக இருந்தார். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் எழுதிவைத்த வழமை, சீதனம், முதுசம், காணி விற்றால் பங்காளிக்கு முதலில் கேட்கிற உரிமை, இதெல்லாம் அதில் இருக்கிறது. கிடங்கு இல்லை. மேடம் சொன்னது வேறு. அதே ஒல்லாந்தர் விட்டுப்போன உரோம-டச்சுச் சட்டத்தில் ஒரு பழைய விதி: உன் காணியை நீ தோண்டலாம், ஆனால் அயற்காணியின் மண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கிற மண்ணை எடுக்கக் கூடாது. ஒரு காணி பக்கத்துக் காணியின் தோளில் சாய்ந்துதான் நிற்கிறது, தோளை எடுத்தால் சரியும். ஐயா அதைக் கேட்டுவிட்டு "ஒல்லாந்தன் ஒல்லாந்தன்தான்" என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

இன்னொன்று. கல்லுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது "என்ர ஒப்பந்தக் காணி, என்ர கல்." 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டப்படி நிலத்துக்கடியில் இருக்கிற கனியம் அரசுடையது, உறுதியில் பெயர் இருக்கிறவருடையது அல்ல. அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும், ஏற்றிப் போகவும் வேண்டும். கந்தோரில் இருந்த ஜூனியர் தங்கச்சி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் எழுதித் தந்தாள், நாங்கள் கனியவளத் திணைக்களம் என்று சொல்கிற பணியகத்துக்கு: இந்தக் காணிக்கு அனுமதி கொடுத்தீர்களா, கொடுத்தால் எத்தனை அடி, வேலியிலிருந்து எவ்வளவு தூரம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். மூன்று கிழமையில் பதில் வந்தது, அந்தக் காணிக்கு எந்த அனுமதியும் இல்லை. இரண்டு வருடமாக நான் விதானையாரின் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு ஒரு தாளும் ஒரு முத்திரையும் பதில் வாங்கித் தந்தன. இந்தக் கடிதத்தை எழுத உங்களுக்குச் சட்டத்தரணியே தேவையில்லை, எனக்கு முன்னரே தெரிந்திருந்தால் நானே எழுதியிருப்பேன்.

இனி ஆதாரம். இதில்தான் இந்தக் கந்தோர் நன்றாக வேலை செய்தது. "கிடங்கு இருக்கு, வெடிப்பு இருக்கு, ரெண்டையும் கட்டுறதுக்குக் கயிறு எங்கை?" என்று மேடம் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு வெடிப்பின் நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதச் சொன்னார். வெடிப்புக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டச் சொன்னார், சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அடிக்கோல் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார், அன்றைய பத்திரிகையும் படத்தில் தெரிய வேண்டும். பெக்கோ வேலை செய்த நாட்களை மகனின் பழைய கொப்பியில் எழுதினேன். ஓகஸ்டில் இரண்டு கண்ணாடி ஒரே கிழமையில் உடைந்தன, கொப்பியைப் பார்த்தால் அந்தக் கிழமை ஐந்து நாளும் பிரேக்கர். எனக்கு அழுகை வந்தது, மேடம் முகத்தில் சந்தோஷம்.

பொறியியலாளர் ஒருவரை அவர்களே பிடித்துத் தந்தார்கள், அறிக்கைக்கு 35,000 ரூபா. மனிதன் அரை நாள் நின்று பார்த்தார். மயிரிழை வெடிப்பு எந்த வீட்டிலும் இருக்கும், சீமெந்து காய்கிறபோது வருவது, அதை விடுங்கள் என்றார். யன்னல் மூலையிலிருந்து சரிவாகப் போவது, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இருப்பது, 5 மில்லிமீற்றருக்கு மேல் போனது, இவைதான் அத்திவாரம் ஒரு பக்கமாகத் தாழ்வதைக் காட்டுகிறவை. எங்கள் வெடிப்புகள் எல்லாம் மேற்குப் பக்கம், கிடங்கை நெருங்க நெருங்க அகலம். கிழக்கு அறையில் ஒன்றும் இல்லை. அதே மேசன், அதே சீமெந்து, அதே வருடம் கட்டிய சுவர்தான் அதுவும். மேசன் பிழை என்ற கதை அந்த ஒரு பந்தியில் செத்துப்போனது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. கிடங்கில் ஊறிய தண்ணீரை அவர்கள் இரவில் மோட்டர் போட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நிலம் மேலே செம்பாடு, கீழே கல், கல்லுக்குள் பொந்தும் புழையும். நிலத்தடித் தண்ணீரை வேகமாக இழுத்தால், அதோடு மேல் மண்ணும் பொந்துகளுக்குள் கழுவுப்பட்டு இறங்கும், மேலே நிற்கிற வீட்டுக்குக் காலடி போகும். வெட்டியது மட்டும் அல்ல, இறைத்ததும் காரணம்.

மேடம் எதிராளிகளாகக் கல்லுக்காரரை மட்டும் போடவில்லை, காணிச் சொந்தக்காரரையும் சேர்த்தார். இதைக் கவனியுங்கள். கல்லுக்காரர் பெக்கோவை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார், காணி எங்கேயும் ஓடாது. சொந்தக்காரரின் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து "பிள்ளை, எனக்கு ஒண்டும் தெரியாது, கையெழுத்துத்தான் வைச்சனான்" என்று அழுதார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், வழக்கிலிருந்து பெயரை எடுக்கவில்லை.

பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிற வழியும் இருக்கிறது, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், பிரிவு 98. டிப்பர் ஓடி ஒழுங்கை முழுவதும் குண்டும் குழியும், நாலைந்து வீட்டார் சேர்ந்து போயிருந்தால் கெதியாக வேலை நடந்திருக்கும் என்றார் மேடம். அயலில் கேட்டேன். ஒரு வீட்டில் மகன் டிப்பர் ஓட்டுகிறான், இன்னொரு வீட்டார் மலிவாகச் சல்லி வாங்கியிருக்கிறார்கள். ஒருவரும் வரவில்லை. கோபம் இல்லை, நல்லது கெட்டதுக்கு நாளைக்கும் அவர்கள்தான்.

ஒக்டோபரில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், டிசம்பரில் தடைக்கட்டளை கிடைத்தது, பெக்கோ நின்றது. அந்த விவாதத்தை நான் பின்வாங்கில் இருந்து கேட்டேன். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி நிலாவரைக் கிணற்றை இழுத்தார். நவக்கிரியில் இருக்கிறதே, இராமர் அம்பு குத்திய கிணறு என்று சின்ன வயதில் சுற்றுலா கூட்டிப்போய்க் காட்டுவார்களே, மேலே நல்ல தண்ணியும் ஆழத்தில் உப்புத்தண்ணியுமாக, அது கல் கரைந்து கூரை இடிந்து விழுந்த பள்ளம்தானே, கீரிமலை ஊற்றைப் பாருங்கள், குடாநாடே பொந்து, வீடு இறங்கினால் அது இயற்கை, என் கட்சிக்காரர் என்ன செய்வார் என்றார். நன்றாகத்தான் பேசினார், எனக்கே ஒரு நிமிடம் அவர் சொல்வது சரிபோலப் பட்டது. மேடம் எழும்பி, நிலம் பொந்து என்பது எதிராளிக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தால் வேலியிலிருந்து நான்கு அடியில் இருபது அடி தோண்டியது இன்னும் பெரிய பிழை அல்லவா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் எடுத்த பள்ளங்கள், தொழிற்சாலை 1990இல் நின்று இத்தனை வருடமாகியும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன, அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு நிலாவரையைக் காட்டிப் பயனில்லை.

அண்ணாவோடு இதைக் கதைத்தபோது அவர் சிரித்தார். அவர் இருப்பது நொட்டிங்ஹாம்ஷயரில், பழைய நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மேலேதான் அந்தப் பக்கத்து ஊர்கள் நிற்கின்றன. வீடு வாங்கும்போதே கீழே சுரங்கம் இருக்கிறதா என்ற அறிக்கையை அவருடைய சட்டத்தரணி எடுத்துப் பார்த்திருக்கிறார். அங்கே 1991இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். வெடிப்பைக் கண்டு ஆறு வருடத்துக்குள் அறிவித்தல் கொடுத்தால் போதும், திருத்தித் தருகிற பொறுப்புச் சுரங்கக்காரருக்கு அல்லது அதற்கென்று இருக்கிற அரச நிறுவனத்துக்கு. எனக்கு வயிறெரிந்த இடம் வேறு. வெடிப்பின் தன்மையைப் பார்த்தால் சுரங்கத்தால் வந்திருக்கலாம் என்று தெரிந்தால் போதும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள். இங்கே பென்சில் கோடும் கண்ணாடித் துண்டும் கொப்பியுமாகத் திரிந்தது நான். அண்ணா காசு அனுப்பினார் என்பதால் அவரைத் திட்ட முடியவில்லை.

சரி, குறைகள்.

காசு எவ்வளவு என்று முதல் நாள் தெளிவாகச் சொல்லவில்லை. தொடக்கத்தில் 50,000 என்றார்கள், அதுதான் முழுவதும் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் 7,500, அதற்கு மேல் முத்திரைச் செலவு, தட்டச்சுச் செலவு, பிரதிச் செலவு. வாங்கியது நியாயமில்லை என்று சொல்லவில்லை, முதலே ஒரு தாளில் எழுதித் தந்திருக்கலாம். பற்றுச்சீட்டுக் கேட்டால் கிளாக்கர் ஐயா, உறவுக்காரரிடம் பற்றுச்சீட்டுக் கேட்டதுபோலப் பார்த்தார். தவணைத் திகதியை முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் சொல்வார்கள், பள்ளிக்கூடத்தில் லீவு எடுக்கிறவர்களுக்கு அது பெரிய தலையிடி. இரண்டு தடவை நான் போய் நின்ற பிறகுதான் வழக்கு அன்றைக்கு எடுபடாது என்று தெரிந்தது.

பெரிய குறை கிணறு. கிடங்கு ஆழமாகின பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீர் பால்போலக் கலங்கத் தொடங்கியது, மழை விட்டு ஒரு கிழமை போனாலும் தெளியாது, பங்குனி சித்திரையில் மோட்டருக்குத் தண்ணி எட்டாது. நான் முதல் நாளே சொன்னேன், ஜூனியர் எழுதியும் வைத்தாள். காலாவதிக்கு முன் வழக்குப் போடுகிற அவசரத்தில் வழக்குரையில் கிணறு விடுபட்டுப்போனது. சுவரும் அத்திவாரமும் மட்டும். நான் கையெழுத்து வைக்கும்போது வாசித்துத்தான் வைத்தேன், வெடிப்பு வெடிப்பு என்றே மனம் இருந்ததால் கண்ணில் படவில்லை. பிறகு கேட்டபோது மேடம் மறைக்கவில்லை, "எங்கட பிழை, ரீச்சர்" என்று ஒத்துக்கொண்டார். அந்த நேர்மைக்கு அரைப் புள்ளி திருப்பிக் கொடுத்தேன், இல்லாவிட்டால் மூன்றுதான்.

2025 மார்ச்சில் இணக்கத்தில் முடிந்தது. திருத்தச் செலவு மதிப்பீடு 14 இலட்சம், கிடைப்பது 8 இலட்சம், பத்துத் தவணையில். வேலியோரம் பத்தடி அகலத்துக்குக் கிடங்கை நிரப்பிக் கல்லணை கட்டித் தர வேண்டும், இனி அந்தக் காணியில் அகழ்வதில்லை, இதெல்லாம் நீதிமன்றத்தில் பதிவானது. வழக்கை முழுதாகப் பேசியிருந்தால் கூட வந்திருக்குமோ என்று இவர் இன்னும் கேட்பார். மேடம் அப்போதே சொன்னார், வழக்கு விசாரணை முடிய எத்தனை வருடமோ, மேன்முறையீடு போனால் இன்னும் எத்தனையோ, அதுவரை சுவர் நிற்குமா என்று பொறியியலாளரைக் கேளுங்கள் என்று. கேட்டோம். இணங்கினோம். கல்லணை கட்டியாகிவிட்டது, ஐந்து தவணை வந்திருக்கிறது, ஆறாவது பிந்தியபோது கந்தோரிலிருந்து ஒரு கடிதம் போனது, அதற்குக் காசு வாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: பின்னேரம் ஐந்துக்குப் பிறகு போங்கள், காலையில் எல்லாரும் நீதிமன்றத்தில் நிற்பார்கள். உறுதியின் மூலப்பிரதியைக் கொடுக்காதீர்கள், பிரதி போதும். வரைபடம், வீட்டுத் திட்ட அனுமதி, கட்டிய காலத்துப் படங்கள் இருந்தால் கொண்டு போங்கள், எங்கள் வீடு குடிபுகுதல் அல்பத்தில் மேற்குச் சுவர் பழுதில்லாமல் பின்னால் நிற்கிற படம் ஒன்று வழக்கில் ஆவணமாகப் போனது, முன்னால் நான் பால்ச் சட்டியோடு.

கந்தோர் மேல்மாடியில், படி ஒடுக்கம், பிடிக்கக் கம்பிகூட இல்லை. ஐயா ஏற முடியாமல் ஒவ்வொரு தடவையும் கீழே தேத்தண்ணிக் கடையில் இருந்துவிடுவார். காணியில் அவருக்கும் பங்கு இருப்பதால் இணக்கத்தில் அவருடைய கையெழுத்தும் வேண்டும். ஜூனியர் தங்கச்சி கோப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து, கடை மேசையில் வடைத் தட்டைத் தள்ளிவிட்டு, முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினாள். ஐயா நடுவில் மறித்து "கிணறு எங்கை பிள்ளை?" என்று கேட்டார்.